ஏ.சி. அறையில் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம்?

மத்தியானம் மூன்று மணி ஆனால் அலுவலகத்தில் பலருக்கும் தலை கனக்கிறது, கண் எரிகிறது, கொட்டாவி வருகிறது. மதியம் சாப்பிட்ட தயிர்சாதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கீழே இறங்கிப்போய் ஒரு டீ குடிக்கிறோம். தலை தெளிந்துவிடுகிறது. பெயர் டீக்குப் போகிறது. தெருவில் கிடைத்த காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கட்டடத்துக்குள் இருக்கும்வரை தலைவலி, தொண்டை வறட்சி, மூக்கடைப்பு, சோர்வு; வெளியே வந்தால் சரியாகிவிடும். இப்படி வந்து போகும் தொல்லைகளை மருத்துவ உலகம் 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' என்கிறது. மாத்திரையில் தீராத தொல்லை இது. சரிசெய்ய வேண்டியது கட்டடத்தை.

ஸ்பிலிட் ஏ.சி. செய்யாத வேலை

சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, அங்கேயே விடுகிறது. உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் இணைப்பவை குளிரூட்டும் வாயு ஓடும் செம்புக் குழாய்கள். அவற்றின் வழியே காற்று வருவதில்லை. ஏ.சி. போட்டால் வெளியிலிருந்து நல்ல காற்று வருகிறது என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். சென்னையிலும் கோவையிலும் கிளினிக், ட்யூஷன் சென்டர், ஜிம், வங்கிக் கிளை என்று எத்தனையோ இடங்கள் கண்ணாடிக் கதவை இறுக மூடிக்கொண்டு இந்த ஏ.சி.யை மட்டும் நம்பி ஓடுகின்றன. ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுக்க வேண்டியதுதான்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்று காட்டியது. அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்குக் கொரோனா வந்தது. மூன்று மேசைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றோட்டத்தில் இருந்தன. ஜன்னல் கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடவில்லை. பின்னர் அளந்து பார்த்தபோது, அங்கே ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் வெளிக்காற்று கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு 10 லிட்டர்.

கொரோனா பழைய கதை என்று விட்டுவிட முடியாது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய்க் கிருமியும் காற்றில்தான் பரவுகிறது. பத்துப் பேர் இருமிக்கொண்டு காத்திருக்கும் கிளினிக் வரவேற்பறையில் ஜன்னலை ஆணியடித்து மூடி வைப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

எண்ணெய் விலை ஏறியபோது

ஜன்னலை அடைப்பது மின்சாரச் சிக்கனத்தின் பெயரால் வந்த பழக்கம். 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் எரிபொருள் விலை ஏறியதும், அமெரிக்கக் கட்டடங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி என்றிருந்த வெளிக்காற்றின் அளவை 5 கன அடியாகக் குறைத்தார்கள். கட்டடங்கள் இறுக்கமாயின, மின்கட்டணம் குறைந்தது, புகார்கள் பெருகின. புதிதாகக் கட்டியவை, புதுப்பித்தவை ஆகியவற்றில் 30 சதவீதம் வரை இப்படிப்பட்ட புகார்களுக்கு உள்ளாகலாம் என்று 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. 1989-இல் அமெரிக்கத் தரநிலை அலுவலகங்களுக்கு 20 கன அடி என்று ஏறியது.

அவர்கள் விட்டுவிட்ட தவற்றை நாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். பெரிய சென்ட்ரல் ஏ.சி. கட்டடங்களில் வெளிக்காற்று வர வழி வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் சென்னையின் வெப்பமும் ஈரமும் கலந்த காற்றைக் குளிர்வித்து உலர்த்த மின்சாரம் நிறையச் செலவாகும். அதனால் பில்லைப் பார்த்ததும் முதலில் மூடப்படுவது அந்த வழிதான்.

அப்படி மிச்சம் பிடிப்பது லாபமா? 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 அலுவலக ஊழியர்களை வெவ்வேறு காற்றுத் தரத்தில் வேலை செய்ய வைத்துச் சோதித்தார்கள். ரசாயன ஆவி குறைந்த காற்றில் அவர்களின் சிந்தனைத்திறன் மதிப்பெண் 61 சதவீதம் கூடியது. வெளிக்காற்றையும் கூட்டியபோது அது 101 சதவீதம் ஆனது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சம்பளக் கணக்கையும் கரண்ட் பில்லையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முதலாளிக்கு விஷயம் புரியும்.

மீட்டர் சொல்லும் எண்

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அது சுமார் 40,000. கதவு மூடிய மீட்டிங் அறையில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசினால் 1,500-ஐத் தாண்டுவது சாதாரணம். 1,000-க்கு மேல் போனால் காற்று மாறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு நஞ்சு என்று பொருளில்லை. மூச்சுக்காற்று தேங்குகிறது, அதோடு கிருமியும் ரசாயன ஆவியும் தேங்குகின்றன என்பதற்கான அறிகுறி அது. இதை அளக்கும் கையடக்க மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அகச்சிவப்புக் கதிர் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான சில கருவிகள் வேறு எதையோ அளந்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும்.

செடி வைத்தால் போதுமா?

மணி பிளான்டும் அரிகா பனையும் அறைக்காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கைக்கு 1989-இல் வந்த நாசா ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சோதனை மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. அலுவலகத்தில் அதே பலன் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. அழகுக்குச் செடி வைக்கலாம். ரூம் ஸ்பிரே அதற்கும் கீழே: நாற்றத்தை மறைத்து, இருக்கிற ரசாயனத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது.

பில்லை வேறு இடத்தில் குறைக்கலாம்

வெயில் நேரத்தில் சென்னை அலுவலகங்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே சேமிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குகிறோம். 26-இல் வைத்து, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்றைச் சுழல விட்டால் உடம்புக்கு இதமாகவே இருக்கும். ஜப்பானில் 2005 முதல் கோட்டையும் டையையும் கழற்றி வைத்து, கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் நடத்தச் சொல்கிறது அரசு.

மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புற நிழல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவுதல் இரண்டும் பலன் தரும். பெரிய கட்டடம் என்றால் வெப்ப மீட்புச் சக்கரம் பொருத்தலாம். வெளியேறும் குளிர்ந்த காற்று, உள்ளே வரும் சூடான காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அதன் வழியே வாங்கிக்கொண்டு போய்விடும். கார்பன் டை ஆக்சைடு சென்சாரோடு இணைத்தால், ஆள் கூடும்போது மட்டும் வெளிக்காற்று கூடும். நல்ல காற்றும் குறைந்த பில்லும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும்.

வெளிக்காற்றே கெட்டிருந்தால்?

போகியன்று காலையில் சென்னையில் யாரும் ஜன்னலைத் திறக்க வேண்டாம். சாலையோரத் தரைத்தளக் கடைகள் சாலைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறப்பது நல்லது. டெல்லிக் குளிர்காலம் போன்ற நிலையில் நுண்துகள் ஃபில்டர் வழியாகத்தான் வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும்; ஏனென்றால் ஸ்பிலிட் ஏ.சி.யின் வலை பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும்.

மற்ற நாட்களில் வேலை தொடங்கும் முன்பும் உணவு இடைவேளையிலும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். அடுத்த முறை ஏ.சி. சர்வீஸுக்கு ஆள் வரும்போது, "இந்த அறைக்கு வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது?" என்று கேளுங்கள். வழியே இல்லை என்றால், காற்று நுழைய ஒரு திறப்பும் வெளியேற ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்துத் தரச் சொல்லிக் கட்டட உரிமையாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.