மின் கிரில்

மின் கிரில் என்பது மின்சாரத்தால் சூடாகும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உணவை வைத்து வாட்டும் சமையலறைக் கருவி. மீன், கோழி, பனீர், கத்திரிக்காய், ரொட்டி எதையும் கரியடுப்பு இல்லாமல் இதில் வாட்டலாம். 1994-இல் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேனின் பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிரில் இவ்வகையைப் பரவலாக்கியது. அதன் தட்டு சாய்வாக இருந்ததால் உருகும் கொழுப்பு வழிந்து கீழேயுள்ள கிண்ணத்தில் சேர்ந்தது.

பயன்பாடு

முதலில் பார்க்க வேண்டியது பிளக் பாயிண்ட். 2000 வாட் கிரில் 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. உலோக உடல் கொண்ட கருவி என்பதால், எர்த் இல்லாத பழைய வீடுகளில் மின்கசிவு உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் இங்கே கூடவே கூடாது.

உணவை வைக்கும் முன் தட்டு நன்றாகச் சூடாக வேண்டும். உணவின் ஈரத்தைத் துடைத்து, எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் உணவின் மேல் மெல்லத் தடவினால் புகை குறையும். ஒட்டாத டெஃப்லான் பூச்சு 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். ஆகவே வெறும் தட்டை நெடுநேரம் சூடேற்றக் கூடாது. அளவுமீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும்.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் உண்டு. எண்ணெய்ப்புகை படிந்த பட்டு நூலில் கறையை நீக்குவது கடினம். பல நாள் உழைப்பு அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் கிரிலைத் தறியிலிருந்து தள்ளி, சன்னலோரம் வைப்பது நல்லது.

சுத்தம் செய்தல்

பிளக்கைப் பிடுங்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். முழுக்க ஆறினால் கொழுப்பு இறுகிவிடும். சூடான தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தட்டு வளையலாம், பூச்சும் உரியலாம். ஈரத்துணியை மடித்துத் தட்டுகளுக்கிடையே சில நிமிடம் வைத்து மூடினால் பிசுக்கு இளகும். பிறகு மென்மையான ஸ்பாஞ்சால் துடைக்கலாம். கம்பி நார், கத்தி வேண்டாம். கழற்றக்கூடிய தட்டை மட்டும் கழுவலாம். ஹீட்டரும் கம்பிகளும் உள்ள உடல்பகுதியை நீரில் முக்கவே கூடாது. எண்ணெய்க் கிண்ணத்தை அன்றன்றே கழுவாவிட்டால் கரப்பான்பூச்சி வரும். அதன் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பழைய காகிதத்தில் ஒற்றிக் குப்பையில் போடலாம்.