போட்டியின்றித் தேர்வு: ஒற்றுமையா, ஆதிக்கமா?

"எங்கள் ஊரில் போட்டியே இல்லை, தலைவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று பெருமை பொங்கக் கூறுவோரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். கேட்பதற்கு இனிமையான செய்திதான். சண்டையில்லை, செலவில்லை. ஆயினும் அந்த 'ஒருமனம்' எவ்வாறு உருவானது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்ததுண்டா?

2019 டிசம்பரில் தஞ்சை, திருவாரூர், நாகை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அதில் 18,000-க்கும் மேற்பட்டோர் போட்டியின்றித் தேர்வாயினர். பெரும்பாலோர் வார்டு உறுப்பினர்கள். ஏறத்தாழ 400 பேர் ஊராட்சித் தலைவர்கள். சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அது சட்டவிரோதம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. ஆகவே, போட்டியின்மைக்குப் பல முகங்கள் உண்டு. உண்மையான இணக்கம் ஒரு முகம்; பணமும் அச்சமும் மற்ற முகங்கள்.

நிலமும் நீரும்

காவிரிப் படுகையில் தலைமை என்பது நெடுங்காலம் நிலத்தோடு சேர்ந்தே வந்தது. மிராசுதாரின் சொல்லே ஊரின் சொல்லாக இருந்தது. 1961-இல் வந்த நில உச்சவரம்புச் சட்டமும், 1970-இல் அந்த வரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டதும் அந்த நிலையை ஓரளவு மாற்றின. கர்ணம், மணியக்காரர் என்னும் பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. ஆனால் ஊராட்சித் தேர்தலோ 1970-க்குப் பின் 1986-இல்தான் வந்தது, அதற்கடுத்தது 1996-இல். இத்தனை நீண்ட இடைவெளிகளில் வாக்களிக்கும் பழக்கம் எப்படி வேரூன்றும்?

மீண்டும் மீண்டும் ஒருவரே தலைவராவதற்கு அவரது செல்வாக்கு மட்டும் காரணமன்று. எந்த வாய்க்காலை முதலில் தூர் வாருவது, எந்தத் தெருவுக்கு விளக்குப் போடுவது, நூறு நாள் வேலை எங்கே நடப்பது என்பவற்றிலெல்லாம் அவர் சொல்லுக்கு எடை உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராமல் நாற்று வாடும்போது, அந்த ஏழை விவசாயி யாரிடம் போய் நிற்பார்? அதே தலைவரிடம்தான். அவரை எதிர்த்து வேட்புமனு கொடுக்கவோ, எதிர்ப்பவருக்கு முன்மொழிந்து கையெழுத்திடவோ அவருக்கு எங்கிருந்து துணிவு வரும்? இப்படிப் பிறக்கும் அமைதியை ஒற்றுமை என்று கூற இயலுமா?

இட ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவதும், பெண்களுக்குச் சரிபாதி இடம் வழங்கப்பட்டதும் இந்தப் பிடியைத் தளர்த்தவே. ஆனால் பெண்களுக்கான தொகுதியில் மனைவி பெயரால் கணவரே நிருவாகம் நடத்தினால், நாற்காலி மாறியதேயன்றி ஆள் மாறவில்லை என்பதே பொருள்.

சோழர் கல்லில் பதித்த விதி

தஞ்சையைத் தலைநகராகக் கொண்ட சோழர் காலத்திலேயே இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார்கள். முதலாம் பராந்தகனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மறுபடி வர இயலாது!

அது பிராமணச் சபையின் தேர்தல். நிலமில்லாதோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. எனினும், ஒரே கையில் அதிகாரம் தங்கக்கூடாது, கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது என்னும் இரண்டு விதிகளும் இன்றைக்கும் பொருந்துவன.

நமது ஊர்களில்

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை என நம்மவர் மிகுந்து வாழும் ஊர்கள் டெல்டாவில் பல உண்டு. மஷூரா செய்து முடிவெடுப்பது நமது மரபு. ஆனால் மஷூரா என்பது கலந்து பேசுவது. ஒருவர் முன்பே முடிவெடுத்துவிட்டு மற்றவர்களைத் தலையசைக்கச் செய்வதன்று. அதில் ஏழையின் குரலும் பெண்களின் கருத்தும் இடம்பெற்றால்தான் 'ஒருமனம்' என்ற சொல்லுக்கு மதிப்புண்டு. ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களது சொத்தைக் கணக்கெடுத்து வைத்த கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி நமக்குப் புதிதன்றே!

தலைவர் போட்டியின்றி வந்திருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை உங்களை விட்டுப் போய்விடவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்கள் கிராம சபைக்குரியவை. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். குடும்பத்துடன் செல்லுங்கள், தாய்மார்களும் சென்று அமருங்கள். "இந்த வாய்க்காலுக்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று பணிவுடன் கேளுங்கள். நேர்மையான தலைவர் அந்தக் கேள்வியால் பெருமையே அடைவார். அல்லாதவருக்கு, அடுத்த தேர்தல் போட்டியின்றி முடியாது என்பதை அந்த ஒரு கேள்வியே உணர்த்திவிடும்.