காட்சிக்குக் காட்சி நிறம் சேர்த்தல்

சேலைக்கு ரவிக்கைத் துணி சேர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கடைக்குள் டியூப் லைட்டில் ஒன்றுபோல் இருக்கிற இரண்டு அரக்கு, வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்றில் ஊதா எட்டிப்பார்க்கும், மற்றொன்று செங்கல்லாகிவிடும். விவரமான அம்மாமார் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. நிறம் துணியில் மட்டும் இல்லை, விழுகிற ஒளியிலும் பார்க்கிற கண்ணிலும் இருக்கிறது. எங்கள் சமயத்தார் சொல்லும் அநேகாந்தத்துக்கு இதைவிட எளிய பாடம் கிடையாது.

வீடியோ தொகுப்பிலும் இதே பாடுதான். சங்க விழாவில் காட்டுவதற்காகக் கார் நிக்கோபார் பற்றி ஒரு சிறு படம் சேர்த்தோம். 2002-ல் அனுமதி வாங்கிச் சரக்கு விஷயமாகப் போனபோது சின்ன டேப் கேமராவில் நான் எடுத்தது பாதி, அண்மையில் நண்பர்கள் செல்போனில் எடுத்தது பாதி. தொகுத்த தம்பி டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் வேலை பார்த்தார்.

ஒரே கடற்கரையில், ஒரே நாளில் எடுத்த காட்சிகளே ஏன் ஒட்டவில்லை? இந்தியக் கடிகாரம் கிழக்கு 82½ பாகையை வைத்து ஓடுகிறது. கார் நிக்கோபார் ஏறக்குறைய 92¾ பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் வீதம், கடிகாரம் நாலு காட்டும்போது சூரியன் கணக்கில் நாலே முக்காலை நெருங்கிவிடும். மார்கழியில் 5 மணியை ஒட்டிப் பொழுது அடைந்துவிடுகிறது. "சாயங்காலம் நாலு மணிக்குத்தானே எடுத்தோம், வெயில் இருக்குமே" என்று ஊர்க்கணக்குப் போட்டால் படம் மஞ்சளாகத்தான் வரும். போதாததற்கு, தென்னந்தோப்புக்குள் போனால் முகத்தில் பச்சை படியும். பவள மணலில் நின்றால் கீழிருந்து வெளிச்சம் எகிறும். செல்போனோ ஒவ்வொரு திருப்பத்துக்கும் தானாக வெள்ளையை மாற்றிக்கொள்ளும்.

சரிசெய்கிற முறையில் வரிசை முக்கியம். நன்றாக வந்த ஒரு காட்சியை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேணும். முதலில் நிறத்தைத் தொடக்கூடாது. இருள், நடுவொளி, வெளிச்சம் மூன்றையும் லிஃப்ட், காமா, கெய்ன் கொண்டு ஆதாரக் காட்சிக்கு இணையாக்க வேணும். கண்ணை நம்பாமல் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அரைமணி பார்த்தால் கண் எந்தச் சாயத்துக்கும் பழகிப்போகும். அப்புறம் வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு பொருளை வைத்துச் சாயத்தை எடுக்க வேணும். வெளுத்துப்போன வானத்தை மட்டும் எந்த வித்தையாலும் மீட்க முடியாது. டேப்பின் நிறக்கணக்கு 601, எச்.டி.யின் கணக்கு 709. மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டாலும் பச்சையும் சிவப்பும் விலகும். சென்னை லேப்களில் படச்சுருளுக்குச் சிவப்பு, பச்சை, நீல விளக்கைப் புள்ளி புள்ளியாகக் கூட்டிக் குறைத்த கிரேடிங்கின் பேரப்பிள்ளைதான் இதெல்லாம்.

கடைசியில் முகம். வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. நிக்கோபாரிகள், நம்மவர், விமானப்படைத் தளத்துப் பஞ்சாபி, யார் முகமானாலும் ஒழுங்கான வெளிச்சத்தில் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுவது கருமையின் அளவும் நிறத்தின் அடர்த்தியும்தான். இதைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

தம்பிக்குப் பொறுமை இல்லை. "அய்யா, ஒரே அமுக்கு, எல்லாம் சேர்ந்துடும்" என்று தானியங்கிப் பொருத்தத்தைப் போட்டார். அது மொத்தப் படத்தின் நிறப்பரவலை அளந்து இழுக்கிறது. ஒன்றில் கடல், மற்றொன்றில் தோப்பு என்றால் கடலையும் தோப்பாக்கப் பார்க்கும். 2002-ன் மலாக்கா கிராமக் கரை புதுக் காட்சியின் பளபளப்புக்கு வந்தது, முகங்களெல்லாம் வெளுத்தன. அங்கே பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர், மாலத்தீவா?" என்று கேட்டார்.

எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரைக் கிராமமே போயிற்று. நிலம் தாழ்ந்தது, மிஞ்சியவர்கள் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். அந்த டேப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் இன்று இல்லை. அவர்களை இன்றைய வெயிலில் நிறுத்துவது பொய்க்கணக்கு எழுதுவது மாதிரி.

அதனால் பழைய காட்சிகளைத் தங்களுக்குள்ளும், புதியவற்றைத் தங்களுக்குள்ளும் சேர்த்தோம். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. நடுவில் கருந்திரையில் ஆண்டை மட்டும் போட்டோம். தேன்கூடு போன்ற வட்டக் குடிசையின் நிழலில் நின்று சிரிக்கிற ஒரு பெரியவரைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன்.