பிடி அரிசிக் கலயம்





நம் மருத்துவமனைக்கு வருகிற கடிதங்களில் காணிக்கையோடு ஒரு ஜெப விண்ணப்பமும் இருப்பது வழக்கம். மகளின் திருமணம், மகனின் வேலை, தீராத முதுகுவலி என்று எழுதுவீர்கள். சில காலமாக வேறொரு விண்ணப்பத்தையும் அடிக்கடி வாசிக்கிறோம். "எங்கள் விசுவாசம் முன்போல் இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், வருகிறோம். மற்ற ஆறு நாளும் வெறுமையாய்க் கழிகிறது. நாங்கள் பெலப்பட ஜெபியுங்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். ஜெபிக்கிறோம். ஆனாலும் இப்படிப்பட்ட கேள்விக்கு ஜெபித்துவிட்டு மட்டும் இருந்துவிடக் கூடாது, பதிலும் எழுத வேண்டும் என்று தோன்றியதால் இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கென்று வைத்தோம்.

முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கட்டில் கட்டிலாகப் போய் ஜெபிப்பதையே ஊழியமாகக் கொண்டிருக்கிற எங்களுக்கும் அப்படிப்பட்ட நாட்கள் உண்டு. வாய் ஜெபித்துக்கொண்டிருக்கும், மனம் அடுத்த வார்டுக்குப் போய்விட்டிருக்கும். இறையியல் கல்லூரியில் விசுவாசத்தைக் குறித்து மூன்று மணி நேரத் தேர்வு எழுதித் தேறினோம். வார்டில் ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது அந்த விடைத்தாளில் எழுதிய ஒரு வரியும் நினைவுக்கு வருவதில்லை.

நம்மில் பலர் விசுவாசத்தை உணர்ச்சியைக் கொண்டே அளக்கிறோம். கன்வென்ஷன் பந்தலில் கண்ணீரோடு பாடும்போது பெலமாயிருக்கிறோம் என்று எண்ணுகிறோம். புதன்கிழமை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அந்த உணர்ச்சி இல்லை. உடனே விசுவாசமே போய்விட்டது என்று பயப்படுகிறோம். பந்தலைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை, நாங்களும் அங்கே அழுதவர்கள்தான். ஆனால் யாக்கோபு தம்முடைய நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் கேட்கிற கேள்வி உணர்ச்சியைப் பற்றியதே இல்லை. உடுக்கத் துணியும் அன்றன்றைய உணவும் இல்லாத ஒருவன் உன் வாசலில் நிற்கும்போது, நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அவனுக்கு என்ன பயன் என்று கேட்கிறார். வீட்டு வாசலிலே, சாதாரண நாளிலே, கை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

இதை விளக்க நம் சபைத் தாய்மாரிடமிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறோம். பிடி அரிசி என்றால் உங்களில் மூத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்லுகிறோம். உலை வைப்பதற்காக அரிசியை அளந்தவுடன், அதைக் களைவதற்கு முன்னே, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் ஒரு சிறு கலயத்தில் போடுவார்கள். சில வீடுகளில் அது பழைய பிஸ்கட் டப்பாவாக இருக்கும். கலயம் நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பார்கள். அது ஏழைகளுக்கோ ஊழியத்துக்கோ போகும். பணமே கையில் புழங்காத பெண்கள், கணவனிடம் கேட்காமல், கடன் வாங்காமல் கர்த்தருக்குக் கொடுத்த காணிக்கை இது.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் என்று பெருமை பாராட்ட வேண்டாம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் தம்முடைய பக்தர்களிடையே பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தியவர். மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது. அந்த அரிசியை விற்ற பணம் அவர்களுடைய மிஷனெரிகளைத் தாங்குகிறது. மலைநாட்டுச் சமையலறைகளின் மூலையிலிருந்து மற்ற மாநிலங்களுக்கு ஊழியர்கள் புறப்பட்டுப் போகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி எப்போது எடுக்கப்படுகிறது என்பது. சமைத்துச் சாப்பிட்டு மீந்ததிலிருந்து எடுப்பதில்லை. முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு மனதில் சந்தோஷம் இருக்கிறதா, மாமியாரோடு சண்டையா என்று கலயம் கேட்பதில்லை. அளவும் சிறிது. ஒரு பிடி குறைந்ததால் எந்தப் பிள்ளையும் பசித்திருந்ததில்லை. ஆகவேதான் வருஷக்கணக்கில் தொடர முடிகிறது.

1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்திலுள்ள சாறிபாத் விதவையை நினைத்துப் பாருங்கள். அவளிடம் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். தனக்கும் மகனுக்கும் கடைசி உணவு சமைக்க விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறு அடை செய்து கொண்டுவா என்று எலியா கேட்கிறார். கேட்கவே கூச்சமான வார்த்தை! அவள் செய்தாள். அதன்பிறகு பானை நிரம்பி வழிந்தது என்று வேதம் சொல்லவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை என்று மட்டும் சொல்லுகிறது. மறுநாள் காலையிலும் அவள் அடிமட்டத்தில்தான் கைவிட்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் அன்றைக்குப் போதுமானது இருந்தது. விசுவாசம் பெருகவில்லையே என்று எங்களுக்கு எழுதுகிறவர்கள் இந்தப் பானையைக் கொஞ்சம் தியானிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் ஆண்கள் வார்டில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறோம். சிதம்பரத்துக்கு அப்பால் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தம் கணவரைச் சேர்த்திருந்தார். நோய் முற்றியிருந்தது. நாங்கள் அருகில் சென்று, "ஜெபிக்கலாமா அம்மா?" என்று கேட்டோம். "நீங்க பண்ணுங்கய்யா. எனக்கு ஜெபம் வரல. வாயைத் தொறந்தா அழுகைதான் வருது" என்றார். விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல ஆயத்தமாய் வைத்திருந்ததை நாங்கள் சொல்லவில்லை. சுருக்கமாய் ஜெபித்துவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது, அந்த அம்மா கணவருக்குக் கஞ்சி கொடுத்து முடித்துவிட்டு அடுத்த கட்டில் பெரியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆளில்லாத மனிதர். கை நடுக்கத்தால் தானாகக் குடிக்க முடியாது. சேர்ந்த நாளிலிருந்து இந்த அம்மாதான் இருவேளையும் ஊட்டுகிறார் என்று நர்ஸ் சொன்னார்கள். ஜெபம் வரவில்லை என்று எங்களிடம் சொன்னவர் அவரே. அன்றைக்கு யாருடைய விசுவாசம் நடமாடிக்கொண்டிருந்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

கடலூருக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. சுவார்ட்ஸ் ஐயர் 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவில் முதன்முதல் வந்து இறங்கியது இந்தக் கடலூரில்தான். அப்போது இங்கே கீர்நாந்தர் ஐயர் 1740-லிருந்து ஊழியம் செய்துகொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் உழைத்தபின், 1758-ல் பிரெஞ்சுக்காரர் ஊரையும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பிடித்துக்கொள்ள, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் சிதைவுகளை இன்றும் காணலாம்.

சுவார்ட்ஸ் ஐயர் என்றதும் ராஜாக்களிடம் தூது போனதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எங்களைத் தொடுவது வேறு. திருச்சியில் அவரைப் பார்த்த ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்: கட்டிலும் அவரும் இருக்குமளவே ஓர் அறை, உணவு சோறும் காய்கறியும். அப்படி எளிமையாய் இருந்தவர், ஐதர் அலியின் படையெடுப்புக்கு முன்னரே, விலை மலிவாயிருந்த காலத்தில் அரிசி வாங்கிச் சேர்த்து வைத்தார். 1781-ல் தஞ்சையில் பஞ்சம் வந்தபோது அதைக் கொண்டு பட்டினியாயிருந்தவர்களைப் போஷித்தார். பஞ்சம் வந்தபின் எழுந்த இரக்கமாயிருந்தால் அந்த அரிசி அவர் கையில் இருந்திருக்காது.

நம் காலத்திலும் கண்டோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துக் குப்பங்கள் என்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப்போல் பலர் திகைத்து நின்றோம். பிடி அரிசி கொண்டுவருகிற தாய்மார் திகைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அடுப்பு மூட்டி அண்டாவில் சோறு வைத்துவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும் அப்படியே. மறுநாள் இரவு மின்சாரம் இல்லாத ஆலயத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புதுவருஷ ஆராதனைக்கு வந்தவர்களில் சிலர், கூரை போன வீட்டிலிருந்தும் கலயத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

சரி, பட்டணத்தில் குக்கரில் சமைக்கிற குடும்பம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கலயம் எதுவாகவும் இருக்கலாம். பலர் ஜனவரி முதல் நாள் முழு வேதாகமத்தையும் ஒரே வருஷத்தில் வாசிக்கத் தீர்மானித்து, பிப்ரவரி முடிவதற்குள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். (வாக்குத்தத்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியதோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களைப்பற்றி இன்னொரு மாதம் எழுதுவோம்.) எட்டு வசனம் வாசியுங்கள், ஆனால் செய்தித்தாளையோ கைப்பேசியையோ தொடுவதற்கு முன் வாசியுங்கள். ஜெபத்தில் உலகமனைத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். உங்கள் குடும்பத்தைச் சேராத மூன்று பேருடைய பெயரை ஒரு சீட்டில் எழுதி வேதாகமத்தில் வைத்துக்கொண்டு அவர்களுக்காக மன்றாடுங்கள். பெயர் சொல்லி ஜெபிக்கிறவர்களைத் தெருவில் காணும்போது நலம் விசாரிக்காமல் போகமுடியாது. விசாரித்தால் ஏதாவது செய்யும்படி வரும். அப்படித்தான் ஜெபம் கைக்கும் காலுக்கும் இறங்குகிறது.

விட்டுப்போன நாட்களுக்காகக் கணக்குப் பார்த்து மனம் கசந்துகொள்ள வேண்டாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு பிடி போட வேண்டும் என்று எந்தத் தாயும் சட்டம் வைத்ததில்லை.

வார்டில் கஞ்சி ஊட்டிய அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்காமல் விட்டோம். அவருடைய கணவர் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செய்தி கேட்டு நாங்கள் பேருந்தில் சிதம்பரம் போய், அங்கிருந்து வேறு பேருந்து பிடித்து அவர்கள் ஊருக்குப் போனோம். ஒற்றை அறை வீடு. அடுப்புக்கு அருகே மூடி போட்ட சிறு மண் கலயம் ஒன்று இருந்தது. துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்டுவிட்டோம். "இப்பவும் போடுறீங்களாம்மா?"

"ஒருத்திக்குத்தான்யா சமையல். ஒரு டம்ளர் அரிசி. அளக்கும்போது கை தானாப் போயிடுது" என்றார். சற்று நேரம் கழித்து, "இப்பக் கொஞ்சம் ஜெபமும் வருதுய்யா" என்றார்.

அவர் கொடுத்தனுப்பிய அரிசி, ஏறக்குறைய இரண்டு படி இருக்கும், அந்த வாரமே நம் சமையற்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குக் காலையில் கொடுக்கிற கஞ்சிக்கு அதைச் சேர்த்துக்கொண்டோம். நீங்கள் அனுப்புகிற காணிக்கையிலிருந்தும் அந்தக் கஞ்சிக்கு ஒரு பங்கு போகிறது. இம்மாதம் ஜெபிக்கும்போது, துணைக்கு ஆளின்றிப் படுத்திருக்கிறவர்களையும், அவர்களுக்கு விடியற்காலையில் கஞ்சி கொண்டுபோகிற இரவுப்பணி நர்ஸ்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.