திண்ணை உள்ள பணிக்கூடம்

"வாங்க, உட்காருங்க" என்று சொல்ல நம் ஊர்ப் பழைய வீடுகளுக்கு வாய் வேண்டியதில்லை. வாசல் திண்ணையே சொல்லிவிடும். அந்தத் திண்ணையை ஒரு பணிக்கூடத்தின் வாசலிலும் கட்டினால் என்ன?

'கோ-ஒர்க்கிங்' எனப்படும் கூட்டுப் பணிக்கூடங்கள் இன்று பெருநகரங்களில் பெருகியுள்ளன. வெவ்வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்வோரும், சொந்தத் தொழில் செய்வோரும் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மேசையை வாடகைக்கு எடுத்து, மின்சாரம், இணையம், குடிநீர் முதலியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்பவர் இப்பெயரில் ஒன்றைத் தொடங்கினார். பெயர் புதியது, செயல் நமக்குப் புதியதா?

கிட்டங்கியும் திண்ணையும்

19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்ற நகரத்தார், 'கிட்டங்கி' என்னும் நீண்ட கூடத்தில் தொழில் நடத்தினர். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியடி: ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் ஒரு பாய். கணக்கு அவரவருடையது; கூரையும் சமையலும் பொது. சந்தேகம் வந்தால் கேட்க அடுத்த பெட்டியடியில் ஆள் உண்டு. கூட்டுப் பணிக்கூடத்தின் பயன் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது அன்றோ! ஆனால், அது ஆண்களின் கூடம்.

பெண்களின் பணிக்கூடம் வேறிடத்தில் இருந்தது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகள் மரச்சீவலை வீடுகளுக்குக் கொடுத்துப் பெட்டி ஒட்டி வாங்கிய நாட்களில், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரே திண்ணையில் கூடி உட்கார்ந்து ஒட்டினார்கள். கூலி சொற்பம், சிறுமியரின் கைகளும் அதில் சேர்ந்து உழைத்தன. அந்த வறுமையை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் வீட்டருகே, நிழலில், துணையோடு வேலை செய்யும் வசதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வீடு கற்றுத்தரும் பாடம்

அண்டை மாவட்டமான சிவகங்கையில் உள்ள செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முன்னால் திண்ணை, தொழில் பேச்செல்லாம் வீட்டின் முன்பகுதியில். நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண் தாங்கிய தாழ்வாரம். பின்கட்டில் சாப்பாடும் சமையலும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறிச் செல்ல, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. மழைநீரும் முற்றத்திலேயே வந்து சேர்கிறது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். காலுக்குக் குளிர்ச்சி, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு.

காரியாபட்டியில் ஒரு கூடம்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள நம் காரியாபட்டியில் இப்படி ஒன்று அமைப்பதாக எண்ணிப் பார்ப்போம்.

வாசலில் திண்ணையும் பானைத் தண்ணீரும் இருக்கட்டும். மகளைக் கொண்டுவந்து விடும் தந்தையும், வேலை கேட்டு வரும் புதியவரும் கூச்சமின்றி உட்காருவார்கள். சக்கர நாற்காலி ஏறப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை வேண்டும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். உயரத்தில் காற்றுப் போக்கி அவசியம். மேசைகளைத் தாழ்வாரத்தில் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அமைத்தால் கணினித் திரையில் கண் கூசாது. தொலைபேசிப் பேச்சும் சாப்பாடும் பின்கட்டில். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், பாலூட்டும் தாய்க்கு ஓர் அறையும் அலங்காரத்துக்கு முன்பே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

பட்டாசு ஆலைகளும் ஒரு பாடம் சொல்கின்றன. அங்கே வேலையறைக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பது விதி. ஆபத்தில் ஓடுவோருக்கு அது உயிர்வழி. நம் கூடத்திலும் இரண்டு வாசல்கள், வெளிப்புறம் திறக்கும் கதவுகள் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு உண்டு. அவற்றை வாங்கி நிறுத்துவதால் மட்டும் மரபு வந்துவிடாது. இன்னொரு வீட்டை இடிக்கவே அது தூண்டும். உள்ளூர்த் தச்சர் வேம்பில் செய்யும் தூண், உள்ளூர்க் கொத்தனார் பூசும் சுண்ணாம்புச் சுவர் ஆகியவையே உயிருள்ள மரபு.

பட்டம் பெற்றும், தினமும் மதுரைக்குப் பேருந்தில் போய்வர முடியாமல் வீட்டோடு இருந்துவிடும் பெண்கள் நம் தெருக்களில் உண்டு. அவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மேசை கிடைத்தால், படித்த படிப்பு வீணாகாது. தோழியரே, நாளை நம்மில் ஒருத்தி கட்டடக் கலைஞராக வரலாம். அவள் வரையும் முதல் படத்தில், வாசலில் ஒரு திண்ணை இருக்கட்டும்!