ஒரே பாசி, ரெண்டு உருவம்: டாஃப்னியா வாசனை செய்யுற வேலை

இன்னைக்கு செனிடெஸ்மஸ். ஏரி, குளம்னு நல்ல தண்ணி தேங்குற இடத்துல சாதாரணமா இருக்குற பச்சைப்பாசி. பாடப்புத்தகப் படத்துல நாலு செல் வரிசையா ஒட்டிக்கிட்டு, ஓரத்துல முள் நீட்டிக்கிட்டு நிக்கும்.

ஆனா லேப்ல தனியா வளர்த்தா, பல நேரம் அது ஒத்தை ஒத்தை செல்லாத்தான் மிதக்குது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல ஃபிரான்சிஸ் டிரெய்னர் இதையே பல வருஷம் நோண்டினார். வளர்க்குற தண்ணியின் சத்தை மாத்தினாலே உருவம் மாறுது. அந்த ஒத்தை செல், சொடடெல்லான்னு வேற பேரினமா வகைப்படுத்தின பாசி மாதிரியே இருந்துச்சு! உருவத்தை வெச்சு மட்டும் இனம் பிரிச்சா என்ன ஆகும்னு பாருங்க. கோட் ஒண்ணுதான், கான்ஃபிக் மட்டும் மாறியிருக்கு. நாம ரெண்டு ஆப்னு நினைச்சுட்டோம்.

1993-ல இன்னொரு திருப்பம். பாசியைத் தின்னுற டாஃப்னியாங்கிற குட்டி நீர்ப்பூச்சி வாழ்ந்த தண்ணியை ஹெஸ்ஸனும் வான் டாங்கும் வடிகட்டி, ஒத்தை செல் பாசியில் ஊத்தினாங்க. பூச்சி உள்ளே இல்லை, அது விட்ட ரசாயனம் மட்டும்தான். பாசி நாலு செல், எட்டு செல் கூட்டமா மாறிடுச்சு. குட்டி டாஃப்னியாவால அவ்ளோ பெருசை விழுங்க முடியாது.

இதுல பலரும் தப்பா புரிஞ்சுக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. தனித்தனியா மிதந்த செல்கள் ஓடிவந்து ஒட்டிக்கிறதில்லை. தாய் செல், தன் சுவருக்குள்ளேயே நாலாவோ எட்டாவோ பிரியும். வழக்கமா பிள்ளைகள் தனித்தனியா வெளியே வரும்; ரசாயனம் பட்டா ஒட்டினபடியே வரும். அதனால மாற்றம் அடுத்த தலைமுறையிலதான் தெரியும்.

அப்போ எப்பவும் கூட்டமாவே இருந்துடலாமே? முடியாது. கூட்டம் சீக்கிரம் கீழே மூழ்கும், கீழே வெளிச்சம் கம்மி. பாசிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு.

2005-ல ஜப்பான் ஆய்வாளர்கள் டாஃப்னியா விடுற அந்த ரசாயனத்தை அடையாளம் கண்டாங்க: அலிஃபாட்டிக் சல்ஃபேட்டுகள். ஷாம்பு பாட்டில்ல சோடியம் லாரில் சல்ஃபேட்னு படிச்சிருப்பீங்களே, அதே குடும்பம்! டிடர்ஜென்ட் வகை சர்ஃபேக்டன்ட்டை வெச்சும் சோதனை பண்ணியிருக்காங்க. டாஃப்னியா ஒண்ணுகூட இல்லாத தண்ணியிலும் பாசி கூட்டம் சேருது, வராத எதிரிக்குப் பயந்து.