சேறு சொல்லும் சேதி

மட்டக்களப்பு வாவியின் நீர் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது வழக்கம். அந்தப் போத்தல் அன்றைய கதையை மட்டுமே சொல்லும். நேற்றிரவு கொட்டிய கழிவு இன்று காலை அவ்விடத்தைக் கடந்து போயிருக்கலாம்.

சேற்றுக்குள் வாழும் புழு, மட்டி, ஊரி போன்றவற்றால் அப்படிப் போய்விட முடியாது. கெட்ட நீரை விட்டு மீன் விலகி ஓடும். மட்டி எங்கே ஓடும்? மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, வருவதையெல்லாம் அனுபவிக்கின்றது. இதனாலேயே உலகின் பல கழிமுகங்களில் அடிவாழ் உயிர்களை எண்ணிப் பார்க்கின்றனர்.

குறித்த அளவு சேற்றை அள்ளி, அரை அல்லது ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கழுவுவர். நாம் மா அரிப்பது போலத்தான். எஞ்சுவனவற்றை இனம் பிரித்து எண்ணுவர். தொகை கூடினால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கழிவு சேர்ந்து ஒட்சிசன் குறைந்தால் மென்மையான இனங்கள் முதலில் மறையும். கப்பிட்டெல்லா எனும் மெல்லிய சிவப்புப் புழு ஆயிரக்கணக்கில் பெருகும். 2000ஆம் ஆண்டில் ஸ்பெயினின் ஏஞ்சல் போர்ஹா குழுவினர், மாசைத் தாங்கும் திறனுக்கேற்ப இவ்வுயிர்களை ஐந்து வகுப்பாக்கி ஒரு சுட்டெண் வகுத்தனர்.

அதை எமது வாவிக்கு அப்படியே பொருத்த இயலாது. மாரியில் படுவான்கரை வெள்ளம் நிறைந்து உப்புக் குறையும். ஆற்றுவாய் திறந்தபின் மெல்ல மெல்லக் கடல்நீர் ஏறும். மாசு இல்லாமலே அப்போது பல உயிர்கள் மடியும். கார்த்திகைச் சேற்றை ஆனிச் சேற்றோடு ஒப்பிட்டால் பிழையான முடிவே வரும்.

ஊரி எமக்குப் புதியதல்ல. 1848இல் எமர்சன் ரெனன்ட் இங்கு வந்து, வாவியில் கேட்கும் இசை எதனுடையது என விசாரித்தபோது, மீனவர்கள் மீனைச் சொல்லவில்லை, ஊரியையே காட்டினர்! கண்டல் சேற்றில் வாழும் பெரிய ஊரி உதிர்ந்த இலைகளைத் தின்பது. கண்டலை வெட்டினால் அதன் உணவும் போய்விடும்.

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக உள்ள செட்டிபாளையம் போன்ற ஊர்களில், கரையில் மட்டி பொறுக்குபவர்கள் சிலவற்றைத் தாமே கவனிக்கலாம். சேற்றைத் தோண்டும்போது உள்ளே கறுப்பாயிருப்பது இயல்பு. மேற்பரப்பே கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வீசி, வெறும் ஓடுகளே கிடந்தால் அங்கே பொறுக்க வேண்டாம். மட்டி நீரை வடித்து உண்பதால் கழிவிலுள்ள கிருமிகளைத் தன்னுள் சேர்க்கும். நன்றாக அவித்தால் கிருமி சாகும். ஈயம் போன்ற உலோகங்கள் அவித்தாலும் போகா.